மீதி விலையைக் கொடுத்தவர் யார்?

தோளில் ஒரு பை, கையில் ஒரு நிலப்படம், இடுப்பில் கட்டிய சிறு பையில் அளவான பணம். இவற்றோடு பொலிவியா நாட்டைத் தரைவழியே கடக்கப் புறப்படும் இளைஞர்கள் ஆண்டுதோறும் பலர். தென் அமெரிக்காவின் நடுவில், கடற்கரை இல்லாமல், ஆண்டிஸ் மலைத்தொடரைத் தாங்கி நிற்கும் நாடு அது. 1879இல் தொடங்கிய பசிபிக் போரில் தன் கடற்கரையைச் சிலி நாட்டிடம் இழந்தது. அரசு அலுவல்கள் நடைபெறும் லா பாஸ் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் விளிம்பில் அமைந்த எல் ஆல்ட்டோ நகரம் 4,000 மீட்டரையும் தாண்டியது. அங்கு வந்திறங்கும் புதியவருக்குப் பத்துப் படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கும், தலை கனக்கும். கோக்கா இலையிட்ட சூடான நீரைப் பருகி, ஓரிரு நாள் படுத்தெழுந்த பின்னரே பயணம் தொடங்கும்.

அவர்கள் உள்நாட்டு விமானங்களில் ஏறுவதில்லை. உயர்தர விடுதிகளில் தங்குவதுமில்லை. இரவுப் பேருந்து, பலர் சேர்ந்து செல்லும் வாடகை வண்டி, சில வேளைகளில் மூட்டைகளின் மேல் அமர்ந்து செல்லும் சரக்கு லாரி ஆகியவையே அவர்களுடைய ஊர்திகள். நண்பகலில் சந்தைக் கூடத்து நீண்ட பலகையில் உள்ளூராரோடு அமர்ந்து, முதலில் ஒரு கிண்ணம் சூப்பும், பின்பு சோறும் உருளைக்கிழங்கும் சிறிது இறைச்சியும் உண்பார்கள். வீடு திரும்பியபின் இரண்டு செய்திகளைப் பெருமையோடு சொல்வார்கள். எத்தகைய ஆபத்துகளைக் கடந்தோம் என்பது ஒன்று. எவ்வளவு குறைந்த செலவில் கடந்தோம் என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது பெருமையைப் பற்றியே இங்குச் சிறிது எண்ணிப் பார்க்க விரும்புகிறோம். முதலாவது தானாகவே அதனுள் வந்து சேரும்.

நாம் அந்நாட்டில் கால் வைத்தவர்கள் அல்லர். சென்று வந்தோர் எழுதியவற்றைப் படித்தவர்களே. ஆகவே பயணிகளைக் கூண்டில் நிறுத்தி விசாரிக்கும் தகுதி நமக்கில்லை, அந்நோக்கமும் இல்லை. உண்மையில் அவர்களிடம் மெச்சத் தகுந்தவை பல. குளிரூட்டிய வண்டியின் கண்ணாடி வழியே ஒரு நாட்டைப் பார்ப்பவரைவிட, அந்நாட்டாரின் தோளோடு தோள் உரசி இரவெல்லாம் பேருந்தில் பயணம் செய்பவர் மனிதரைக் கூடுதலாக அறிகிறார். சிறிதளவு பசியையும் குளிரையும் தாமாக ஏற்றுக்கொள்கிறார். மனிதன் இவ்வுலகில் வழிப்போக்கன் என்று இறையியல் நமக்குக் கற்பிக்கிறது. அந்த உண்மையை ஏட்டில் படித்த நம்மைவிட, காலால் அறிந்தவர்கள் அவர்கள். ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. ஒரு பொருள் தன் உண்மையான விலைக்குக் குறைவாக நமக்குக் கிடைக்கும்போது, அதன் மீதி விலையைக் கொடுத்தவர் யார்?

சந்தையிலிருந்தே தொடங்குவோம். பொலிவியாவின் சந்தைகளில் தரையில் அமர்ந்து விற்பவர் பெரும்பாலும் ஐமாரா, கெச்சுவா இனப் பெண்களே. தலையில் வட்டத் தொப்பி, பல மடிப்புப் பாவாடை, முதுகில் வண்ணக் கோடுகள் இட்ட அகுவாயோத் துணியில் குழந்தையோ மூட்டையோ இருக்கும். பேரம் பேசுவது அங்கும் வழக்கம்தான். அம்மக்களிடையே யாப்பா என்றொரு வழக்கமும் உண்டு. நம் கடைத்தெருவில் கொசுறு என்கிறோமே, அதுவே. வாடிக்கையாக வருபவருக்கு விற்பவள் அளந்ததற்கு மேல் ஒரு கைப்பிடி போடுகிறாள். அவர் நாளையும் வருவார். அவள் வீட்டு நலத்தைக் கேட்பார். கொசுறு என்பது விலைக்குறைப்பன்று. அஃது உறவின் அடையாளம். நாளை அவ்வூரில் இல்லாத பயணி, நாற்பது நாள் நெய்த துணியைப் பாதி விலைக்குக் கேட்டு வெற்றி பெறும்போது, உறவின்றியே கொசுறு வாங்கிச் செல்கிறார். அவள் ஏன் இணங்கினாள்? மாலைக்குள் விற்றாக வேண்டியிருந்தது, அவ்வளவே காரணம்.

பேருந்துக் கட்டணமும் அவ்வாறே. அங்குத் தொலைதூரப் பேருந்தில் ஓர் இரவு முழுவதும் செல்வதற்கு ஆகும் தொகையைக் கேட்டு வெளிநாட்டுப் பயணிகள் வியந்து எழுதியிருக்கிறார்கள். பல ஆண்டுகளாக அந்நாட்டு அரசு எரிபொருள் விலையை மானியத்தால் தாழ்த்தி வைத்திருந்தது என்பது அந்த வியப்பின் மறுபக்கம். 2010 டிசம்பரில் அம்மானியத்தை நீக்க முனைந்த அரசு, மக்களின் எதிர்ப்பைக் கண்டு சில நாள்களிலேயே பின்வாங்கியது. ஏழைகளின் பொருட்டு வழங்கப்பட்ட அந்த மானியத்தில் செல்வ நாட்டிலிருந்து வந்தவரும் பங்கு பெற்றார். அவர் எதையும் திருடவில்லை. கேட்ட கட்டணத்தைக் கொடுத்துச் சீட்டு வாங்கினார். எனினும் அவருடைய பயணத்தின் ஒரு பகுதிக்கு அந்நாட்டு மக்கள் விலை கொடுத்தார்கள்.

இனி ஆபத்தைப் பற்றிய பெருமைக்கு வருவோம். லா பாஸிலிருந்து கொரொய்க்கோ என்னும் ஊருக்கு இறங்கும் வட யுங்காஸ் சாலை உலகப் புகழ் பெற்றது. 1930களில், பராகுவே நாட்டோடு நடந்த சாக்கோ போரில் பிடிபட்ட கைதிகளைக் கொண்டு அமைக்கப்பட்ட சாலை அது. 4,600 மீட்டர் உயரக் கணவாயிலிருந்து ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்துக்கு, பனிக் குளிரிலிருந்து வெப்பக் காட்டுக்கு, இறங்குகிறது. பல இடங்களில் ஒரு வண்டி செல்லும் அகலமே உண்டு. ஒருபுறம் பாறைச் சுவர், மறுபுறம் பல நூறு மீட்டர் பாதாளம். அந்நாட்டில் வண்டிகள் வலப்புறம் செல்வதே விதி. அச்சாலையில் மட்டும் இடப்புறம் சென்றார்கள். வெளிவிளிம்பில் தன் சக்கரம் எங்கே இருக்கிறது என்பதை ஓட்டுநர் எட்டிப் பார்ப்பதற்காகவே அந்த ஏற்பாடு. 1983 ஜூலையில் ஒரு பேருந்து உருண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் மடிந்தனர். 1995இல் அமெரிக்கக் கண்ட மேம்பாட்டு வங்கி அதனை உலகின் மிக ஆபத்தான சாலை என்றது.

2006ஆம் ஆண்டின் இறுதியில் மாற்றுச் சாலை திறக்கப்பட்டபின், பொருள்களும் மக்களும் பெரும்பாலும் அவ்வழியே சென்றனர். பழைய சாலையோ மிதிவண்டிப் பயணிகளின் விளையாட்டுக் களமாயிற்று. வழிகாட்டி ஒருவர் முன்செல்ல, தலைக்கவசம் அணிந்து, சரிவில் பாய்ந்திறங்கி, அடிவாரத்தில் அதன் நினைவாக ஒரு சட்டையையும் பெற்று வருகிறார்கள். அவர்களிலும் சிலர் உயிரிழந்திருக்கிறார்கள். வழியெங்கும் நிற்கும் சிலுவைகள் அந்த மரணங்களை மட்டும் குறிப்பவை அல்ல. பழக் கூடையோடு சந்தைக்குப் போனவர்கள், மருத்துவமனைக்குப் பிள்ளையைத் தூக்கிச் சென்றவர்கள், வேறு வழி இல்லாமையால் அவ்வழியே சென்றவர்கள் ஆகியோரின் நினைவுகளும் அவையே.

துணிவைப் பற்றிப் புனித தாமஸ் அக்குவினார் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ஆபத்தை நோக்கிப் பாய்வதைவிட, நன்மையின் பொருட்டுத் துன்பத்தில் நிலைத்து நிற்பதே துணிவின் தலையாய செயல் என்பது அவருடைய முடிவு. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமையையும் மிகை வீரத்தையும் அவர் துணிவின் பட்டியலில் சேர்க்காமல் குறைகளின் பட்டியலில் சேர்க்கிறார். இந்த அளவுகோலைக் கொண்டு நோக்கினால் அச்சாலையில் துணிந்தவர் யார்? பழைய நாள்களில் அதன் கொடிய வளைவுகளில் சிலர் நாள்தோறும் நின்றார்கள். கையில் ஒருபுறம் சிவப்பும் மறுபுறம் பச்சையும் தீட்டிய பலகைகள். எதிரே வண்டி வருகிறதா என்பதைக் காண முடியாத ஓட்டுநருக்கு, நில் என்றும் செல் என்றும் அவர்கள் காட்டினார்கள். மனித விளக்குகள் என்று மக்கள் அவர்களை அழைத்தனர். மழையிலும் மூடுபனியிலும் நின்ற அவர்களுக்குக் கிடைத்தது ஓட்டுநர் வீசிச் சென்ற சில்லறையே. அவர்களை எண்ணும்போது, ஆபத்தைக் கடந்தோம் என்னும் சொல்லைச் சற்றுத் தாழ்ந்த குரலில் சொல்லத் தோன்றுகிறது.

பொட்டோசி நகரத்துக்குச் செல்வோம். 1545இல் அங்குள்ள செர்ரோ ரிக்கோ, அதாவது செல்வ மலை, தன் வெள்ளியை ஸ்பானியருக்குக் காட்டியது. 1570களில் அரசப் பதிலாளர் பிரான்சிஸ்கோ டி டொலேடோ, மீட்டா என்னும் கட்டாய வேலை முறையை ஒழுங்குபடுத்தினார். குறிக்கப்பட்ட மாநிலங்களின் பூர்வகுடி ஆண்களில் ஏழில் ஒரு பங்கினர் முறைவைத்து அங்கு வந்து உழைக்க வேண்டியதாயிற்று. 1812 வரை அது சட்டமாக இருந்தது. அவர்கள் தோண்டிய வெள்ளி ஐரோப்பாவுக்கும் சீனத்துக்கும் நாணயமாகச் சென்றது. ஆலயங்களின் பலிபீடங்களிலும் தகடாகப் பதிந்தது. 1985இல் உலகச் சந்தையில் வெள்ளீயத்தின் விலை வீழ்ந்தபோது அரசுச் சுரங்க நிறுவனம் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளரை வெளியேற்றியது. அவ்வாறு வேலையிழந்தோர் பலர் கூட்டுறவுக் குழுக்களாகச் சேர்ந்து பழைய சுரங்கங்களில் இறங்கினர். செல்வ மலையில் இன்றும் உழைப்போர் பெரும்பாலும் அத்தகைய குழுவினரே. பாறைத் தூசு நுரையீரலில் படிந்து வரும் சிலிக்கா நோய் அவர்களுடைய தொழிலின் கூலியோடு சேர்ந்து வருவது.

இங்கும் பயணிகள் வருகிறார்கள். சுரங்கத்தார் சந்தையில் கோக்கா இலை, குளிர்பானம், வெடிமருந்துக் குச்சி ஆகியவற்றை அன்பளிப்பாக வாங்கிக்கொண்டு, தலைவிளக்கு கட்டி, குனிந்தும் தவழ்ந்தும் உள்ளே செல்கிறார்கள். உழைப்போரைக் காண்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், ஓரிரு மணி நேரத்தில் வெளிச்சத்துக்கு வந்து மூச்சு விடுகிறார்கள். இது தகுமா என்று கேட்டால் விடை எளிதன்று. வழிகாட்டிகளில் பலர் முன்னாள் சுரங்கத் தொழிலாளரே. பயணிகள் வராவிடில் அவர்கள் மீண்டும் தூசுக்குள் இறங்க நேரலாம். கண்டவர்களில் சிலர் அக்காட்சியை வாழ்நாளில் மறப்பதில்லை. காணாமலே இருப்பது நன்று என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் சுரங்கத்திலிருந்து வெளியே வரும் அந்த நொடியில் பயணி பெறும் நிம்மதிக்கு ஒரு காரணம் உண்டு. உள்ளே ஒருவன் இன்னும் தங்கியிருக்கிறான். தாம் தங்க வேண்டியதில்லை. அந்த வேறுபாடே அவருக்குக் காட்சியாக விற்கப்பட்டது.

இவையெல்லாம் சிறு கணக்குகள். பெரிய கணக்கு ஒன்றும் உண்டு.

இலாம்பு பனிச்சிகரத்தின் அடியில் சொராட்டா என்னும் ஊர் இருக்கிறது. மலையேறும் பயணிகள் விரும்பிச் சென்று தங்கும் இடம். 2003 செப்டம்பரில் ஐமாரா உழவர்கள் சாலைகளை மறித்தனர். கைதான தம் சமூகத் தலைவர் ஒருவரை விடுவிக்க வேண்டும், நாட்டின் எரிவாயுவைச் சிலி வழியாக ஏற்றுமதி செய்யக் கூடாது என்பவை அவர்களுடைய கோரிக்கைகளுள் சில. பொலிவியாவில் சாலை மறியல் அடிக்கடி நிகழ்வது. நாடாளுமன்றத்துக்குக் கேட்காத குரலை உடையவர்களுக்கு, சாலையின் குறுக்கே உருட்டிய கற்களே மனு. பயணிகளுக்கோ அது குறித்த நாளில் குறித்த ஊர் சேர முடியாத இடையூறு. சொராட்டாவில் வெளிநாட்டவரும் உள்நாட்டவருமாகப் பல நூறு பேர் சிக்கிக்கொண்டனர். செப்டம்பர் 20ஆம் நாள் அவர்களை மீட்டு வர அரசு படையினரை அனுப்பியது. வழியில், 1931இல் ஐமாராப் பிள்ளைகளுக்கென நிறுவப்பட்ட பள்ளியால் புகழ்பெற்ற வாரிசாட்டா என்னும் ஊரில் மோதல் உண்டாயிற்று. துப்பாக்கிகள் முழங்கின. சிலர் உயிரிழந்தனர். அவர்களுள் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி. தன் வீட்டுச் சன்னலருகே நின்றவளைத் தோட்டா துளைத்தது. பயணிகள் லா பாஸ் வந்து சேர்ந்தனர்.

அந்தக் கலவரம் அத்தோடு நிற்கவில்லை. அக்டோபர் நடுவரைக்குள் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். குடியரசுத் தலைவர் கொன்சாலோ சான்செஸ் டி லொசாடா அக்டோபர் 17இல் பதவி விலகி அமெரிக்க ஐக்கிய நாடு சென்றார். பலியானோரின் குடும்பத்தார், அச்சிறுமியின் பெற்றோர் உள்பட, அந்நாட்டு நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடுத்தனர். 2018இல் ஜூரிகள் முன்னாள் குடியரசுத் தலைவரையும் அவருடைய பாதுகாப்பு அமைச்சரையும் பொறுப்பாளிகள் என்றனர். நீதிபதி அதனைத் தள்ளினார்; மேல்முறையீட்டுக்குப்பின் 2021இல் ஜூரிகளின் முடிவே நிலைநிறுத்தப்பட்டது. ஆக, சட்டம் தன் விடையைச் சொல்லிவிட்டது. அந்த விடையில் பயணிகளின் பெயர் இல்லை, இருக்கவும் கூடாது.

குருமடத்தில் அறநெறி இறையியல் கற்றபோது, பிறருடைய தீச்செயலில் ஒருவர் ஒத்துழைப்பதன் வகைகளை ஆசிரியர்கள் நமக்கு விளக்கினார்கள். தீமைக்கு உள்ளத்தால் உடன்பட்டு உதவுவது ஒரு வகை. உடன்படாமல் செயலளவில் மட்டும் உதவ நேர்வது மற்றொரு வகை. அண்மையில் நின்று உதவுவது வேறு. தொலைவிலிருந்து உதவ நேர்வது வேறு. அந்தச் சட்டகத்தில் இப்பயணிகளை எங்கே வைப்பது? அவர்கள் யாரையும் சுடச் சொல்லவில்லை. வீடு திரும்ப வேண்டும் என்று விரும்பினார்கள், அவ்வளவே. குற்றமில்லை என்பதே நேர்மையான தீர்ப்பு. ஆனால் குற்றமில்லை என்று சொன்ன மாத்திரத்தில் அச்சிறுமியின் முகம் நம் கண்ணைவிட்டு அகல்கிறதா? அகலவில்லை எனில், நாம் கேட்ட கேள்வி போதாது என்பதே பொருள்.

நம் தமிழில் கடன் என்னும் சொல், வாங்கிய பொருளையும் குறிக்கும். செய்ய வேண்டிய கடமையையும் குறிக்கும். குற்றமின்றியும் கடன் உண்டாகலாம். பிள்ளை தாயிடம் பட்ட கடன் எந்தக் குற்றத்தால் வந்தது? பிறர் கொடுத்த விலையால் நமக்கு ஒரு நன்மை வந்திருக்கிறது என்று அறிந்த நொடியில் நாம் கடனாளிகள் ஆகிறோம். 2015 ஜூலையில் பொலிவியாவின் சாந்தா குரூஸ் நகரில், மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், அமெரிக்க மண் வெற்றிகொள்ளப்பட்ட நாள்களில் பூர்வகுடி மக்களுக்கு எதிராகத் திருச்சபை இழைத்த பாவங்களுக்காக மன்னிப்புக் கேட்டார். அவற்றை அவர் செய்யவில்லை. ஆனால் பலிபீடத்து வெள்ளியின் மீதி விலை எங்கே கொடுக்கப்பட்டது என்பதை அவர் அறிந்திருந்தார்.

பயணிகளைப் பற்றி எழுதிக்கொண்டே வந்த நாம் நம் கணக்கையும் பார்க்க வேண்டும். பங்குப் பணியில் வறியவரின் குடிசைக்குச் செல்கிறோம். நோயுற்றவரின் கட்டிலருகே செபிக்கிறோம். அவ்வீட்டார் அக்கம்பக்கத்தில் பால் வாங்கியேனும் நமக்குக் காப்பி தருகிறார்கள். வெளியே வரும்போது உள்ளத்தில் ஒரு நிறைவு. மறையுரைக்கு ஓர் எடுத்துக்காட்டும் கிடைத்துவிடுகிறது. சுரங்கத்திலிருந்து வெளிச்சத்துக்கு வந்த பயணியின் நிம்மதிக்கும் இதற்கும் எவ்வளவு தொலைவு? நமக்கும் திரும்பிச் செல்ல ஓர் இல்லம் இருக்கிறது. இக்கட்டுரைக்காகவும் நாம் மலையேறவில்லை, மூச்சுத் திணறவில்லை. ஏட்டின் வழியே பொலிவியாவைக் கடந்த நாம் எல்லாரினும் மலிவாகப் பயணம் செய்தவர்கள்.

ஆகவே பயணம் வேண்டாமா? வேண்டும். வீட்டிலேயே இருப்பவர் கடனிலிருந்து தப்புவதில்லை. அதை அறியாமல் இருக்கிறார், அவ்வளவே. வேண்டுவது கணக்கை நேர்மையாக வைப்பது. நெய்தவள் கேட்ட விலையைக் கொடுப்பதால் பயணத்தில் ஒரு நாள் குறையலாம், குறையட்டும். மறியலில் சிக்கியவர், தமக்குத் தாமதம் உண்டாக்கிய அக்கற்களை யார், ஏன் உருட்டினார்கள் என்று கேட்டறிந்து, கூடுமாயின் அவர்களோடு காத்திருக்கட்டும். சுரங்கத்தைக் கண்டவர், தம் நாட்டில் அந்த உலோகம் என்ன விலைக்கு வாங்கப்படுகிறது என்று ஊர் திரும்பிய பின்னும் கேட்டுக்கொண்டிருக்கட்டும். எவ்வளவு குறைவாகச் செலவிட்டோம் என்று சொல்லும்போதெல்லாம், எஞ்சியதை யார் செலவிட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

ஆபத்தான மலைச்சாலை ஒன்றை நற்செய்தியும் நமக்குக் காட்டுகிறது. எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் வழி அது. அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு விலகிச் சென்ற குருவும் லேவியரும் அவனை அடித்தவர்கள் அல்லர், குற்றமற்றவர்களே. குருக்களாகிய நமக்கு அப்பகுதியை வாசிக்கும்தோறும் குரல் சற்றுத் தடுமாறும். சமாரியரும் அவனை அடிக்கவில்லை. அவரும் ஒரு பயணியே. மறுநாள் தம் வழியே போக வேண்டியவர். ஆனால் புறப்படுமுன் விடுதிக்காரரிடம் இரண்டு தெனாரியங்களைக் கொடுத்தார். அதற்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது தாமே தருவதாகவும் சொல்லிச் சென்றார். மீதி விலையைப் பிறர் தலையில் விட்டுச் செல்லாத அப்பயணியை, நம் பைகளைக் கட்டும்போதெல்லாம் நினைத்துக்கொள்வோம்.